பி.பி. நம்பர்

ட்டூ... பிப்பிப் பிப் பிப்பிப்... கிரீஈஈச்... ட்டொய்ங், ட்டொய்ங்... ஷ்ஷ்ஷ்ஷ்.

நிறுத்தாதீங்க சார். நிறுத்தாதீங்க, முழுசா ஓடட்டும்.

கவுண்டருக்குக் கீழே குனிந்து சலவைத் துணியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். யார் வந்து நிற்கிறார்கள் என்றே தெரியாது, சத்தம் மட்டும்தான் வந்தது. ஒரு நிமிஷம் எந்த ஊர், எந்த வருஷம் என்று புரியாமல் போய்விட்டது. உங்கள் செல்லா? அலாரமா? இதை அலாரமாக வைத்து எழுந்திருக்கிற மனுஷனை இப்போதுதான் சார் பார்க்கிறேன். சாமி பாட்டு கேட்டு எழுந்திருப்பார்கள், பக்கத்து அறைக்காரன் இருமி எழுந்திருப்பார்கள். நீங்கள் மோடம் கத்தி எழுந்திருக்கிறீர்கள்.

உட்காருங்க. ஜீப் ஆறரைக்கு முன்னால் வராது. இந்த மழைக்கு மெட்டு ரோட்டில் கல் உருண்டு கிடக்கும். வெளிச்சம் வந்து பார்த்துத்தான் வண்டியை எடுப்பார்கள். உட்காருங்க. துணி கிடக்கட்டும், அப்புறம் மடித்துக்கொள்ளலாம்.

இப்போது ஓடியது ஐம்பத்தாறு கே மோடம். அந்த ரெண்டு ட்டொய்ங் இருக்கிறதே, அது ஐம்பத்தாறில்தான் வரும். அதற்கு முந்தின மாடலில் அது கிடையாது, நேராக இரைச்சலுக்குப் போய்விடும். லாட்ஜ் வாட்ச்மேனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று பார்க்கிறீர்கள். பார்க்கிறீர்கள் சார், எனக்குத் தெரிகிறது. பரவாயில்லை. போர்டில் நைட் மேனேஜர் என்றுதான் போட்டிருக்கிறது, ஆனால் மேனேஜர் என்று யாரும் கூப்பிட்டதில்லை.

இரண்டாயிரத்து ஒன்றில் இந்தப் போடியில் மோடம் இருந்த வீடு இருபத்தாறு. இருபத்தாறு வீட்டுக்குள்ளும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் மேஜைக்கு அடியில் தவழ்ந்தவன் நான். பத்தாவதில் கணக்கில் பெயிலாகி நின்றவன். ஒரு கோர்ஸ், ஒரு சர்ட்டிபிகேட் கிடையாது. மதுரையில் பழைய புத்தகக் கடையில் அட்டை இல்லாமல் ஒரு ஹார்டுவேர் புத்தகம் கிடைத்தது. ஒரு வார்த்தைக்கு நாலு தடவை டிக்‌ஷனரியைப் புரட்டிப் படித்தேன். அறுநூற்று எண்பது என்று எரர் வந்தால் டயல் டோன் இல்லை, வயரைப் பார். அறுநூற்று எழுபத்தெட்டு வந்தால் அந்தப் பக்கம் எடுக்கவில்லை, மறுபடி போடு. அறுநூற்றுத் தொண்ணூற்றொன்று வந்தால் வேறொன்றுமில்லை, பாஸ்வேர்டை அடித்த மகராசன் கேப்ஸ் லாக்கை அமுக்கி வைத்திருப்பான். எனக்கு எங்கள் சந்து வீட்டு நம்பர்கூட அவ்வளவு சுத்தமாக ஞாபகம் இருக்காது.

மெஷினைப் பார்க்கிறதுக்கு முன்னால் வீட்டைப் பார்க்க வேண்டும் சார். அதுதான் என் வழி. ஒரு வக்கீல் வீட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நெட் ஆமை மாதிரி நகரும். மதுரையிலிருந்து ஆள் வந்து மோடத்தை மாற்றிவிட்டுப் போனான், அப்படியும் ஆமைதான். நான் போனேன். மெஷினைத் தொடவே இல்லை. பூஜை அறைக் கதவைத் திறந்தேன். சாமி படத்தைச் சுற்றி சீரியல் பல்பு, அந்த வயரோடு போன் வயரையும் சேர்த்து ஒரே ஆணியில் சுற்றியிருந்தார்கள். பிரித்து எதிர்ச் சுவரில் அடித்தேன். அவ்வளவுதான். வக்கீலம்மா எனக்கு சுண்டல் கொடுத்தார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் யாரையும் குறை சொல்கிற ஆள் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் சந்தில் பதினோரு வீடு. அதில் போன் இருந்தது ஒரே வீட்டில், ஏலக்காய் வரதராஜன் அண்ணன் வீட்டில். கமிஷன் மண்டி வைத்திருந்தார். மற்ற பத்து வீட்டுக்கும் அதுதான் பி.பி. நம்பர். தெரியுமில்லையா? சொந்தமாக போன் இல்லாதவன் பக்கத்து வீட்டு நம்பரைக் கொடுத்து, முன்னால் பி.பி. என்று எழுதிக்கொள்வான். கல்யாணப் பத்திரிகையில்கூட அப்படித்தான் போடுவோம். போன் வரும். வரதராஜன் அண்ணன் சம்சாரம் செண்பகம் அக்கா வாசலுக்கு வந்து குரல் கொடுப்பார்கள். "மும்தாஜ், ஷார்ஜா!" அவ்வளவுதான் வார்த்தை. நாலாவது வீட்டு மும்தாஜ் அடுப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடிவரும். புருஷன் ஷார்ஜாவில் இருந்தான், வெள்ளிக்கிழமை காலையில் கூப்பிடுவான். அழுதுகொண்டு பேசும், சிரித்துக்கொண்டு போகும். செண்பகம் அக்கா அந்த நேரம் பார்த்து உள்ளே போய் எதையாவது உருட்டிக்கொண்டிருப்பார்கள். நல்ல மனுஷிதான். இல்லை என்று நான் சொல்லவில்லை.

அவர்கள் பையன் ஜெகன் அமெரிக்காவில் இருந்தான். அங்கே குழந்தை பிறந்ததும் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது, மோடம் வந்தது, தலையில் மாட்டுகிற மைக் வந்தது. நமக்குக் காலை ஏழு மணி என்றால் அங்கே ராத்திரி, அவன் வேலை முடிந்து வந்திருப்பான். குழந்தையை மைக் பக்கத்தில் வைப்பான். அது 'ங்ங்கா' என்று ஒரு சத்தம் போடும். அந்த ஒரு சத்தத்துக்காக இவர்கள் ரெண்டு பேரும் விடிகாலை ஐந்துக்கே குளித்து, அண்ணன் சட்டை போட்டு, அக்கா பூ வைத்து உட்கார்ந்திருப்பார்கள். பார்க்கிற வசதி கிடையாது சார், குரல்தான். அதற்குத்தான் பூ.

லைன் நிற்காது. பத்து நிமிஷம், பொட்டென்று போய்விடும். மறுபடி போட்டால் ஏழு நிமிஷம். அக்கா மைக்கைக் கழற்றி வைத்துவிட்டு, "இன்னைக்கு அது சிரிச்சுச்சாம் தெய்வு, நான் கேக்கறதுக்குள்ள கட்டாயிடுச்சு" என்பார்கள். தெய்வேந்திரன் என் பேர். அக்கா தெய்வு என்று கூப்பிடுவார்கள்.

நான் என்ன செய்யவில்லை சார் அந்த லைனுக்கு. சுவர்ப் பெட்டியைத் திறந்து துரு சுரண்டினேன். லைன்மேனைப் பிடித்துக் கம்பத்தில் ஏறச் சொல்லி ஜாயிண்ட்டை மாற்ற வைத்தேன். சமையல்கட்டில் இன்னொரு போன் இழுத்திருந்தார்கள், அதைப் பிடுங்கினேன். நிற்கவில்லை. அப்புறம்தான் என் வழிக்கு வந்தேன். மூன்று நாள் காலையில் அவர்கள் கூடத்தில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தேன். கட்டாகிற நேரத்தை எழுதினேன். ஏழு பன்னிரண்டுக்குக் கட், ஏழு பதின்மூன்றுக்கு போன் மணி அடிக்கிறது. ஏழு முப்பதுக்குக் கட், முப்பத்தொன்றுக்கு மணி. ஒவ்வொரு தடவையும். நெட் விழுகிறது, ஒரு நிமிஷத்துக்குள் யாராவது கூப்பிடுகிறார்கள். மும்தாஜுக்கு, பால்காரருக்கு, மண்டிக்கு.

பிடித்துவிட்டேன். அண்ணன் ஏலக்காய் சீசனுக்காக எக்ஸ்சேஞ்ச்சில் சொல்லி கால் வெயிட்டிங் வாங்கியிருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொருவன் கூப்பிட்டால் 'டுக்' என்று காதில் ஒரு சத்தம் வருமே, அது. மனுஷன் காதுக்கு அது சின்னச் சத்தம். மோடத்துக்கு அது கன்னத்தில் அறைந்த மாதிரி. பயந்து லைனை விட்டுவிடும். கூப்பிட்டவன் மறுபடி போடுவான், அப்போது லைன் காலி, மணி அடிக்கும். மதுரையிலிருந்து வருகிற இன்ஜினியர்கூட மூன்று நாள் நோட்டோடு உட்கார்ந்து இதைப் பிடித்திருக்க மாட்டான். மாட்டான் சார்.

வைத்தியம் ரொம்பச் சின்னது. நெட் நம்பருக்கு முன்னால் ஒரு கோட் அடித்துவிட்டால், நெட் ஓடுகிற வரைக்கும் கால் வெயிட்டிங் தூங்கும். வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் எங்கேஜ்டு டோன்தான். ஒரு ஈ உள்ளே நுழைய முடியாது. அந்தக் கோட் மட்டும் எனக்குத் தெரியாது, எக்ஸ்சேஞ்ச்சில் சொல்ல மாட்டேன் என்றார்கள், அலைந்துகொண்டிருந்தேன்.

இந்தச் சமயத்தில்தான் மதுரையில் இன்டர்வியூ. மெட்ராஸில் புதிதாக ஆரம்பித்த கம்பெனி. பேர் எதற்கு, இப்போது அது இல்லவும் இல்லை. நெட் வரவில்லை என்று கஸ்டமர் போன் பண்ணினால், போனிலேயே கேட்டுக் கேட்டுச் சரிசெய்து கொடுக்கிற வேலை. யோசித்துப் பாருங்க சார். எனக்காகவே ஒருத்தன் உட்கார்ந்து கண்டுபிடித்த வேலை. மேஜைக்கு அடியில் தவழ வேண்டாம், செருப்பைக் கழற்ற வேண்டாம். நாற்காலி, ஏசி.

நாற்பது பேர் வந்திருந்தார்கள், எல்லாம் பி.இ., எம்.சி.ஏ. கேள்வி கேட்டது ஷைலஜா என்று ஒரு மேடம். கண்ணாடி போட்டு, தூக்கக் கலக்கமாக இருந்தார்கள், நாற்பது பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்டால் யாருக்கும் தூக்கம் வரும். "ஒரு கஸ்டமர். காலையில கனெக்‌ஷன் நல்லா நிக்குது, சாயங்காலம் மட்டும் விழுது. என்ன செய்யச் சொல்வீங்க?"

எனக்கு முன்னால் போனவன் எல்லாம் விண்டோஸை அழித்துப் போடச் சொல்லியிருக்கிறான். நான் கேட்டேன், "சாயங்காலம் அந்த வீட்டுக்கு யார் மேடம் வருவாங்க?"

அந்த மேடம் பேனாவைக் கீழே வைத்தார்கள். "என்ன?"

"ஆபீஸ்ல இருந்தோ ஸ்கூல்ல இருந்தோ யாரோ வர்றாங்க மேடம். வந்து இன்னொரு ரூம்ல இருக்கற போனை எடுத்துப் பாக்கறாங்க. கஸ்டமருக்கே அந்த போன் இருக்கறது மறந்திருக்கும்."

சிரித்துவிட்டார்கள். "எல்லாரும் மெஷினைப் பத்திப் பேசறாங்க, நீங்க வீட்டைப் பத்திக் கேக்கறீங்க" என்றார்கள். சார், இந்த ஐம்பது வருஷத்தில் என்னைப் பற்றி ஒருத்தர் சரியாகச் சொன்ன வார்த்தை அது ஒன்றுதான். அப்புறம் என் பேப்பரைப் பார்த்தார்கள். முகம் மாறிவிட்டது. "டிகிரி இல்லாதவங்களை எடுக்கற வழக்கம் இல்லை. நான் மேல பேசிப் பாக்கறேன். செவ்வாய், புதன், வியாழன், காலையில எட்டுலேர்ந்து பத்துக்குள்ள நானே கூப்பிடறேன். வெள்ளிக்கிழமை லிஸ்ட் போயிடும். அதுக்குள்ள நீங்க சரின்னு சொல்லணும், இல்லேன்னா வேற பேரைப் போட்டுடுவாங்க."

நானே கூப்பிடட்டுமா மேடம் என்றேன். வேண்டாம், என்னைப் பிடிக்க முடியாது, ஒரு இடத்தில் இருக்க மாட்டேன் என்றார்கள். பேப்பரில் நம்பரைப் பார்த்து, "பி.பி.யா? உங்களை உடனே கூப்பிட்டுடுவாங்களா?"

"அவங்க நம்ம மனுஷங்க மேடம்" என்றேன். சொன்னேன் சார், இந்த வாயால் சொன்னேன்.

சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் வரும்போதே எனக்கு ஒரே யோசனை. மூன்று நாள், ரெண்டு மணி நேரம், ஒரு போன். செண்பகம் அக்கா வாசலுக்கு வந்து ஒரு குரல் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். கொடுப்பார்கள். ஆனால் மைக்கை மாட்டிக்கொண்டு பேத்தி சத்தத்தில் மயங்கி இருக்கும்போது, ஏதோ ஒரு மெட்ராஸ் பொம்பளை தெய்வேந்திரன் என்று கேட்டால் அப்புறம் கூப்பிடுங்க என்று வைத்துவிட்டால்? அவர்களுக்கு நம்மேல் ஒரு கடமை இருக்க வேண்டும் சார். நன்றி என்று ஒன்று மனதில் இருந்தால்தான் மனுஷன் எழுந்து வாசலுக்கு வருவான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் எக்ஸ்சேஞ்ச் ஆள் வீட்டுக்கே போய்க் காலில் விழாத குறையாகக் கேட்டு அந்தக் கோடை வாங்கினேன். நேராக வரதராஜன் அண்ணன் வீடு. நம்பருக்கு முன்னால் கோட், மோடம் ஒரு வினாடி நிற்பதற்கு ஒரு கமா. அன்றைக்கு எவ்வளவு நேரம் நின்றது தெரியுமா? ஒரு மணி நாற்பது நிமிஷம். ஒரு மூச்சுக்கூட விடவில்லை லைன். குழந்தை அழுதது, சிரித்தது, பால் குடித்துத் தூங்கியது. தூங்குகிற மூச்சைக்கூட அக்கா கேட்டார்கள். மைக்கைக் கழற்றிவிட்டு என் கையை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்கள். அண்ணன் சட்டைப்பைக்குள் கையை விட்டார். "அதெல்லாம் வேண்டாம்ணே" என்றேன். "எனக்கு ஒரே ஒரு உதவி. செவ்வா, புதன், வியாழன், மெட்ராஸ்ல இருந்து போன் வரும். என்னை மட்டும் கூப்பிட்டுருங்க. அக்கா, மறந்துராதீங்க."

"வந்தா கூப்பிடாம இருப்பேனா தெய்வு. இவரு எந்திரிக்கலேன்னாலும் நான் ஓடி வருவேன்" என்றார்கள் அக்கா.

செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கே ஷேவ் பண்ணி வெளுத்த சட்டை போட்டு எங்கள் வாசலில் உட்கார்ந்தேன். போனில் பேசுகிறதுக்கு வெளுத்த சட்டை எதற்கு என்று கேட்காதீர்கள். ரெண்டு வீடு தள்ளி அவர்கள் வீட்டு ஜன்னல். ஏழு மணிக்கு ட்டொய்ங் ட்டொய்ங் கேட்டது. அப்புறம் அக்கா கொஞ்சுகிற சத்தம். எட்டாயிற்று, எட்டரை, ஒன்பது. நெட் ஓடிக்கொண்டே இருந்தது, ஒரு தடவைகூடக் கட்டாகவில்லை. என் வேலை அப்படி. ஒன்பதே முக்காலுக்குத்தான் முடித்தார்கள். பத்து அடித்தது. யாரும் வாசலுக்கு வரவில்லை.

புதன்கிழமையும் அதே. வியாழக்கிழமை நான் அவர்கள் வாசலிலேயே போய் நின்றேன். ஜன்னல் வழியாக அண்ணன் பார்த்து, கையை ஆட்டி, உள்ளே வா, குழந்தை குரலைக் கேள் என்று சைகை காட்டினார். நான் போகவில்லை. என் காது போனில்தான் இருந்தது. போன் அந்த மர ஸ்டாண்டில் துணி போர்த்தி உட்கார்ந்திருந்தது. அந்த வாரம் முழுக்கக் காலையில் அந்த போன் மணி அடிக்கவே இல்லை சார். பதினோரு வீட்டுக்கு ஒரு போன், காலை நேரத்தில் ஒரு மணிகூட அடிக்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? மணிச் சத்தத்தைக் குறைத்து வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. குழந்தை குரல் கேட்க இடைஞ்சலாக இருக்கிறது என்று குறைத்திருப்பார்கள். அப்படித்தான் தோன்றியது.

வெள்ளிக்கிழமை எஸ்.டி.டி. பூத்திலிருந்து மெட்ராஸுக்குப் போட்டேன். லிஸ்ட் போய்விட்டது, கடிதம் வரும் என்றார்கள். பத்து நாளில் வந்தது. நீங்கள் கொடுத்த எண்ணில் மூன்று நாளும் முயன்றோம், உங்களைத் தொடர்புகொள்ள முடியவில்லை, வருந்துகிறோம் என்று இங்கிலீஷில் டைப் பண்ணி, கீழே பேனாவில் அந்த மேடம் கையெழுத்து.

மூன்று நாளும். பார்த்தீர்களா? ஒரு நாள் இல்லை, மூன்று நாள்.

கடிதத்தோடு நேராகப் போனேன். காலை நேரம். அக்கா தலையில் மைக். "போன் வந்திருக்கு, மூணு நாளும் வந்திருக்கு. ஏன் என்னைக் கூப்பிடல?"

அக்கா மைக்கைக் கழற்றக்கூட இல்லை, அப்படியே திரும்பினார்கள். "போனே வரலியே தெய்வு."

"அப்ப இந்தக் காகிதம் பொய் சொல்லுதா?"

அண்ணன் எழுந்து வந்து கடிதத்தை வாங்கிப் பார்த்தார். பொறுமையாகத்தான் பேசினார். "தம்பி, சாமி சத்தியமா ஒரு மணிகூட அடிக்கல. வந்திருந்தா என் சம்சாரம் கூப்பிடாம இருப்பாளா? நீ எங்களுக்கு இவ்வளவு செஞ்சிருக்க."

"செஞ்சேன்ல? அதுக்குத்தான் இது" என்றேன். சந்தில் எல்லா வாசலிலும் ஆள் வந்துவிட்டது. மும்தாஜ் கையில் கரண்டியோடு நிற்கிறது. எனக்கு நிற்கத் தோன்றவில்லை. "உங்க புள்ள அமெரிக்கா போயிட்டான். அடுத்தவன் புள்ள மெட்ராஸ்கூடப் போயிரக்கூடாது, அதானே? பேத்தி சத்தம் கேட்டாப் போதும், எவன் குடி கெட்டா என்ன?" என்று கேட்டேன்.

பேத்தியைச் சொல்லியிருக்கக் கூடாது. அக்கா அப்போதுதான் மைக்கைக் கழற்றினார்கள். அதற்குள்ளிருந்து "அம்மா, யாரும்மா அங்க சத்தம் போடறது?" என்று ஜெகன் குரல் சின்னதாகக் கேட்டது.

மறுநாள் வரதராஜன் அண்ணன் வீடு வீடாகப் போனார். எங்கள் வீடு தவிர. இனிமேல் பி.பி. நம்பராக எங்கள் போனைக் கொடுக்க வேண்டாம், ஒருத்தர் வாழ்க்கைக்குப் பொறுப்பு எடுத்துக்கொள்கிற தெம்பு எங்களுக்கு இல்லை என்று கைகூப்பிச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். மும்தாஜ் வெள்ளிக்கிழமைக்கு பஸ் ஸ்டாண்டு பூத்தில் போய் நிற்க ஆரம்பித்தது. என்னைப் பார்த்தால் முந்தானையை உதறிவிட்டுப் போகும். நான் என்ன சார் பண்ணினேன் அதற்கு?

அந்த வீட்டில் அப்புறம் என்னை மோடம் பார்க்கக் கூப்பிடவில்லை. ஊரில் கூப்பிடுகிற மற்ற வீட்டுக்காரர்களும் குறைந்தார்கள். வாய் நீளம் என்று பேர் வந்துவிட்டது. கொஞ்ச வருஷத்தில் மோடமும் போனது, போன் வயரும் போனது. அந்த மெட்ராஸ் வேலை கிடைத்திருந்தால் இன்றைக்கு எங்கே இருந்திருப்பேன்? என்னோடு இன்டர்வியூவுக்கு வந்த ஒருத்தன், விண்டோஸை அழித்துப் போடு என்று சொன்ன அதே பையன், கனடாவில் இருக்கிறான். நான் இங்கே ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஏழு வரை, யார் யாரோடு எந்த அறைக்குப் போகிறார்கள் என்று பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இருங்க, கதை இன்னும் முடியவில்லை. போன ஆவணி மாசம் அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு வயசான அம்மா வந்தார்கள், ஒரு பையோடு. ஐடி கார்டைக் கொடுத்தார்கள். பேரைப் படிக்கிறேன், செண்பகம், கணவர் பெயர் வரதராஜன். அண்ணன் இறந்து இரண்டு வருஷமாம். வீட்டை விற்றாயிற்று, மறுநாள் கையெழுத்து. சொந்த ஊரில், சொந்த வீடு இருந்த ஊரில், லாட்ஜில் தங்க வந்திருக்கிறார்கள்.

நான் தலையைத் தூக்கவில்லை. அவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். "தெய்வுதானே?" என்றார்கள். பையைக் கீழே வைத்துவிட்டுக் கவுண்டரைப் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் சொன்னார்கள். "அவரு சாகறதுக்கு முந்தின வாரம்கூட உன் பேச்சு வந்துச்சுப்பா. அந்தப் பையனுக்கு எப்படியோ ஒரு கெடுதல் பண்ணிட்டோம் செண்பகம், போனைச் சரியா வைக்காம விட்டுருக்கோம்போல, நமக்குத்தான் தெரியலன்னாரு. நாந்தான் துடைக்கறப்ப ரிசீவரை ஏறுமாறா வச்சிருக்கணும். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. எத்தனையோ நாள் தூக்கம் வரல. என்னை மன்னிச்சிருப்பா."

இந்த உயரத்துக்குக் கையைக் கூப்பினார்கள் சார். எழுபத்தைந்து வயசு.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவாயில்லக்கா, பழசையெல்லாம் நான் எப்பவோ மறந்துட்டேன்" என்று சொன்னேன். மன்னித்துவிட்டேன். கீழ்த்தளத்திலேயே அறை போட்டுக்கொடுத்தேன். கம்பளி ஒன்று கூடுதலாகக் கொடுத்தேன். அவ்வளவு நடந்த பிறகும் மன்னிக்கிறதுக்கு ஒரு மனசு வேண்டும் இல்லையா?

என்ன கேட்டீங்க?

லைனில் நெட் ஓடிக்கொண்டிருந்தால் மெட்ராஸிலிருந்து கூப்பிட்ட அந்த மேடத்துக்கு என்ன கேட்டிருக்கும் என்று கேட்கிறீர்கள்.

எங்கேஜ்டு டோன்தான் சார் கேட்டிருக்கும். வேறென்ன கேட்கும். எட்டிலிருந்து ஒன்பதே முக்கால் வரைக்கும், மூன்று நாளும்.

நீங்கள் முதல் ஆள் இல்லை. கல்யாணமான மறுமாசம் இதை என் வீட்டுக்காரி ஈஸ்வரியிடம் சொன்னேன். எட்டாவது படித்தவள், மோடத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. அரிசி களைந்துகொண்டே முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு, "அப்ப அந்த போனைப் பூட்டுனது நீங்கதானே?" என்றாள். வேண்டுமென்று கேட்கவில்லை, சும்மாதான் கேட்டாள். நாலு நாள் அவளோடு பேசவில்லை. அதற்கப்புறம் வீட்டில் இந்தப் பேச்சை எடுப்பதில்லை. வெளி ஆட்களிடம்தான். அவர்கள் பாவம், உச்சுக் கொட்டிவிட்டு மேலே போய்விடுவார்கள்.

கடிதத்தைப் படித்தபோதே தெரியுமா என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தச் சந்தில் ரெண்டு வீடு தூரம் நடந்தேன் கடிதத்தோடு. அந்த ரெண்டு வீட்டுத் தூரத்தில் ஒரு மனுஷனுக்கு என்னவெல்லாம் தெரியும், என்னவெல்லாம் தெரியாது.

அக்காவிடம் சொல்லியிருக்கலாம். ரூம் நூற்று நாலு, இங்கிருந்து பதினைந்து அடி. காலையில் நானேதான் காபி வாங்கிக்கொண்டு போனேன். எழுந்து உட்கார்ந்து, பையை எடுத்து வைத்துவிட்டு, ரொம்ப நாளைக்கப்புறம் நல்லாத் தூங்கினேன் தெய்வு என்றார்கள். சொல்லியிருக்கலாம். கதவைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். "சர்க்கரை சரியா இருக்காக்கா?" என்று கேட்டேன். சரியாக இருக்கிறது என்றார்கள்.

மழை விட்ட மாதிரி இருக்கிறது. உங்கள் ஜீப்புக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கும். ஏழு மணிக்கு ஆள் மாறிவிடும், அதற்குள் இந்தத் துணியை அடுக்க வேண்டும். டவல் எல்லாம் நானே மடித்துவிடுவேன், இந்தப் பெட்ஷீட்தான் ஒற்றை ஆளுக்கு வராது. அந்த ரெண்டு முனையைக் கொஞ்சம் பிடிங்க சார். தரையில் படாமல். ம், இழுங்க. இப்ப என் பக்கம் கொண்டுவாங்க.